இடது பக்கம் ரெண்டு இன்ச்

— எறக்காத செல்வராசு. பலகைய எட்த்து உள்ள போட்டுகினு வந்த வயியே செங்கல்பட்டுக்குப் போ.

— இன்னா அண்ணாத்த நீ. விடிய நாலு மணிக்கு குட்டியானைய ஸ்டார்ட் பண்ணி கடப்பாக்கம் வரைக்கும் உருட்டிகினு வந்துகீறேன். நாஸ்தா கூட துன்னல. ஒரு சொம்பு தண்ணியாவது குடுத்துட்டு தொரத்து.

— தண்ணி இன்னா, மோரே குடுக்கறேன். ஆனா தென்ன மட்டை அரைக்கற அந்த மிஷினு இந்தத் தோப்புல எறங்கக் கூடாது. பாகம் பிரிச்ச அன்னிக்கு டிராக்டரு இந்த எல்லப்பனுக்கு, மட்டை மிஷினு தம்பி குமாருக்குன்னு பத்து பேரு முன்னாடி பேசினது. அவன் பங்கு எனக்கு வாணாம்.

— கேளுங்க மாமா. தம்பி பங்கு, தம்பி பங்குன்றீங்க. அந்தத் தம்பியே போயி முப்பத்தி மூணு நாள் ஆவுது.

— தெரியும் ரேணுகா. நானும் எண்ணிகினு தான் கீறேன்.

— அப்போ இதையும் கேட்டுக்குங்க. உங்க தம்பி கடைசியா செஞ்ச வேலை இது. முடிச்சிட்டு வந்து, "ரேணு, இது அண்ணனுக்கு. நானே போயி மாட்டிக் குடுத்துட்டு வரணும்"னாரு. அதுக்குள்ள நெஞ்சு வலி வந்துடிச்சி. பட்டறையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன். உள்ள போகும்போதும் வரும்போதும் ஒரு ஆளு குந்தியிருக்கற மாதிரியே இருக்கு. திருப்பிக் கொண்டு போயி நான் எங்க வைக்கட்டும்?

— பழைய இரும்புக்குப் போடு.

— நீங்க போடுவீங்களா?

— அது எதுக்கு இப்போ. நான் இன்னா சொல்றேன், போன பொயலுக்கு தண்ணி பூந்து அந்த இஞ்சினே செத்துப் போச்சி. செத்த இஞ்சின எனக்கு எதுக்குக் குடுக்கறான் அவன்?

— அங்க தான் மேட்டரே கீது அண்ணாத்த. இஞ்சின கயட்டி கடாசிட்டாரு குமாரண்ணன். மெய்யாலுமே, பார்த்துக்கோ, இஞ்சினு குந்திகினு இருந்த எடம் இப்போ காலி. ஒன் டிராக்டரு பின்னாடி சுத்துதே ஷாப்ட்டு, அதுல மாட்டினா இது ஓடும். மாட்டலன்னா இது வெறும் தகரம்.

— அவன்கிட்ட டிராக்டரே இல்ல. டிராக்டரு இல்லாதவன் டிராக்டருல மாட்றத எதுக்குடா செஞ்சான்?

— அத தான் நானும் அவர்கிட்ட கேட்டுகினே இருந்தேன். வெல்டு வச்சது நானு. எதுக்குன்னா வாயத் தொறக்கல. "நீ ராடப் புடி செல்வராஜு"ன்னுட்டாரு.

— நீங்க மட்டைய கொளுத்தறீங்களே மாமா, அதுக்குத் தான்.

— என் தோப்பு, என் மட்டை. கொளுத்துவேன். பாதித் தோப்ப வித்து அவன் லேத்து வாங்கினான். தோப்ப வாங்கினவன் பிளாட்டு போட்டு, வூடு கட்டி, என் பொகை அவன் வூட்டு மாடிக்கு வருதுன்னு என் மேலயே மனு குடுக்கறான். எங்கப்பன் வச்ச மரம் நின்ன எடத்துல துணி காயப் போட்டுகினு கீறானுங்க. அத வித்தவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னேன். தப்பா?

— பொகை பிளாட்டு வூட்டுக்கு மட்டுமா போவுது? உங்க வூட்ல செங்கம்மா அக்காவுக்கு வீசிங் எப்போலேந்து?

— அத உனக்கு யாரு சொன்னா?

— அக்கா தான். வாரா வாரம் ஞாயித்துக்கெழம அவருக்குப் போன் பண்ணுவாங்க.

— செங்கம்மாளா? அவனுக்கா?

— ரெண்டு வருஷமா. நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டப் போற நேரத்துல. "குமாரு, மூச்சே வுட முடியல, மட்டைய கொளுத்தாதீங்கன்னா உங்கண்ணன் கேக்கறதில்ல"ன்னு அயுதாங்க. அந்த ஞாயித்துக்கெழம தான் இவரு தார்ப்பாய எடுத்து மிஷின வெளிய இயுத்தாரு.

— …இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்குத் தான் ஒண்ணும் தெரியாது.

— அண்ணாத்த, ஒண்ணு செய்லாம். எறக்கி மாட்டிப் பாக்கலாம். பொருந்தலன்னு வய்யி, நானே ஏத்திகினு போயி ஒரு ஓரமா போட்டுக்கறேன். நீ கண்ணு ஆப்பரேசன் பண்ண ஆளு, கருப்புக் கண்ணாடி போட்டுகினு சினிமா ஆளாட்டம் நின்னு பாரு, போதும்.

— பொருந்தாதுடா. என் வண்டிக்கு எவன் செஞ்ச சாமானும் பொருந்தாது. கேணி செவுத்துல இடிச்சதுலேந்து பின்னாடி சாமான் மாட்டற எடப் பக்கத்து இரும்புக் கை ரெண்டு இன்ச்சு குட்டை. கலப்பைய மாட்டறதுக்கே வாஷர் மேல வாஷரு போட்டு, கம்பி கட்டி, பேஜாரு புடிச்ச வேலை.

— இடிச்சது யாரு?

— வேற யாரு. அவன் தான். வண்டி வாங்கி மூணா நாளு. பின்னாடி பாக்காம வுட்டான். கை வளைஞ்சி, வெட்டி ஒட்டினதுல குட்டையாப் போச்சி. எங்கப்பன் கேட்டப்போ நான் தான் இடிச்சேன்னு சொன்னேன். ரெண்டு நாளு சோறு போடல எனக்கு.

— அத அவரு எங்கிட்ட சொல்லியிருக்காரு மாமா.

— சொன்னானா?

— அடிக்கடி சொல்லுவாரு.

— …சரி. பலகைய வய்யி. கயிறு ஒரு பக்கம் நான் புடிக்கறேன். பொருந்தாது. பொருந்தலன்னு பாத்துட்டு ஏத்திகினு போயிடுங்க. ரேணுகா, நீ தள்ளி நில்லு. பதனம், பதனம்டா. அவன் பெயிண்டு வேற அடிச்சி வச்சிகீறான்.

— அண்ணாத்த, நான் டிராக்டர ரிவர்ஸ் எடுக்கறேன், நீ கை காட்டு. கண்ணு தெரிதா?

— தூரப் பார்வை நல்லாத் தெரிது. கிட்டத்துல தான் மசமசன்னு கீது. எய்த்து படிக்க கண்ணாடி குடுக்க இன்னும் பத்து நாளு ஆவுமாம். வா. வா. வலப் பக்கம் ஒடி. வா. இன்னும் ஒரு சாண். நிறுத்து.

— வலப் பக்கம் பின்னு போட்டாச்சா?

— போட்டாச்சி.

— எடப் பக்கம்? கடப்பாரை போட்டு நெம்பட்டுமா?

— வாணாம்.

— நெம்பாம எப்டி பொருந்தும், நீ தான சொன்ன—

— பொருந்திடிச்சிடா. தானா போயி குந்திகிச்சி.

— எங்க, காட்டு. அட. மெய்யாலுமே. எடப் பக்கத்துல பின்னு மாட்டற காத ரெண்டு இன்ச்சு முன்னாடி தள்ளி வச்சிகீறாரு பாரு. நான் வெல்டு வைக்கும்போது, "அண்ணே, கோணலா கீது, அளவு தப்பு"ன்னு சொன்னேன். "தப்பு இல்ல செல்வராஜு, அந்த வண்டி அப்டி"ன்னாரு. எந்த வண்டின்னு கேக்காம வுட்டுட்டேன்.

— எப்போ அளந்தான் ரேணுகா? இந்த வண்டி ராப்பகலா கொட்டாயில தான் கீது. அளக்காம இது வராது.

— ரெண்டு மாசம் இருக்கும். நீங்க மதுராந்தகத்துக்கு உரம் வாங்கப் போன அன்னிக்கு. அக்கா தான் கொட்டாய தொறந்து வுட்டாங்க. டேப்பு எடுத்துகினு வந்து அரை நாள் குந்தி அளந்துட்டு, அக்கா கையால சோறு துன்னுட்டு, நீங்க வர்றதுக்கு முன்னாடி பஸ் ஏறிட்டாரு. அக்காவையும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. முடிச்சிக் கொண்டாந்து நிறுத்தணும், அண்ணன் பாத்துட்டு அதுக்கு மேல திட்டட்டும்னாரு.

— வண்டி மேல சாக்பீஸால கோடு போட்டானா?

— போட்டிருப்பாரு. சாக்பீஸ் இல்லாம அவருக்கு ஒரு வேலையும் ஓடாது. ஏன் மாமா?

— ஒண்ணுமில்ல. நீ உள்ள போயி ஒங்கக்காவப் பாரு.

— போறேன். மேல் பின்னையும் மாட்டிடுங்க. மாட்டி முடிச்சப்புறம் உங்களுக்கு ஒண்ணு குடுக்கணும். அவரு குடுக்கச் சொன்னது.

— அண்ணாத்த, அண்ணி சொல்ற மேல் பின்னு எங்க? வண்டியில கம்பிய முறுக்கி கட்டி வச்சிகீற.

— காணாமப் போச்சி.

— எப்போ?

— ரெண்டு மாசம் ஆவுது.

— இதோ, மிஷின்லயே ஒண்ணு தொங்குது பாரு. எண்ணெ தடவி, பேப்பரு சுத்தி, பைண்டிங் கம்பியால கட்டி வச்சிகீறாரு. ஜோரா கீது. புடி.

— இது என் பின்னுடா. தலையில உளியால எ-ன்னு வெட்டினது நானு. தடவிப் பாத்தாலே தெரிது.

— அப்போ நல்லதாப் போச்சி. அளவுக்கு எடுத்துகினு போயிருப்பாரு. காணாமப் போனது கெட்ச்சதுக்கு ஏன் இப்டி ஒக்கார்ந்துட்ட? அண்ணாத்த? இன்னா, மயக்கமா? தண்ணி கொண்டாரட்டா?

— செல்வராசு. அவன ஸ்டேஷனுக்குக் கூப்ட்ட அன்னிக்கு நீ கூடப் போனியா?

— போனேன். இப்போ எதுக்கு அது.

— சொல்லு.

— கார்த்தால பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. டிராக்டரு திருட வந்தான், பார்ட்ட கயட்டிகினு போயிட்டான்னு எவனோ எய்திக் குடுத்துகீறான்னு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பெஞ்சில குந்திகினு இருந்தாரு. நான் வெளிய மரத்தடியில. ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. லேத்துல கை வச்சி எத்தினி வருசம், ஒருத்தன் சாமான்ல ஒரு நட்டு எடுத்ததில்ல அந்த மனுசன். கடைசில போலீஸ்காரரே பாவம் பாத்து, "வூட்டுக்குப் போய்யா"ன்னு அனுப்பிட்டாரு. வர்ற வயியில பேசவே இல்ல. நான் தான் கத்திகினு வந்தேன், எவன்டா அது, கைல கெட்ச்சா கைய ஒடச்சிடறேன்னு.

— நான் தான்டா.

— இன்னா நீ தான்?

— எய்திக் குடுத்தது நானு. உரம் வாங்கிகினு வந்தேன். கொட்டாயத் தொறந்தா வண்டி பின்னாடி முழுக்க வெள்ளக் கோடு. மேல் பின்னு இல்ல. ஒன் தம்பி கொட்டாயிலேந்து வெளிய போனான்னு பிளாட்டுக்காரன் சொன்னான். பாதித் தோப்ப வித்தவன், இப்போ வண்டிக்கும் ஆளு பாத்துட்டான், பார்ட்டு பார்ட்டா கயட்டிப்பான்னு தோணிச்சி. வெறி புடிச்சிகிச்சி. வேற எவன் கையாலயும் எய்தச் சொல்ல வெக்கம். கண்ணு பொரையோடி கெடந்துச்சி, மசமசன்னு, நானே குந்திகினு எய்தினேன். செங்கம்மாளுக்கு கூடச் சொல்லல. ஏதாவது சொல்லுடா.

— இன்னாத்த சொல்றது. கைய எடு. தோள் மேலேந்து கைய எடு அண்ணாத்த.

— என்னால தான் செத்தானா அவன்?

— அன்னிலேந்து நெஞ்சத் தடவிகினே இருந்தாரு. ஒம்போதாவது நாளு போயிட்டாரு. ஆனா டாக்டரு மூணு அடைப்புன்னாரு. மூணு அடைப்பு ஒரே நாளுல வராதுன்னும் அவரு தான் சொன்னாரு. நீ எத எடுத்துக்கறியோ எடுத்துக்கோ.

— சாவுக்கு வந்தேன். கிட்டப் போயிப் பாத்தேன். அவன் மூஞ்சி எனக்கு மசமசன்னு தெரிஞ்சிச்சி. கடைசியா ஒரு தரம் ஒயுங்கா பாக்க முடியல. மறுவாரமே போயி ஆப்பரேசன் பண்ணிகினேன். எதுக்குன்னு செங்கம்மாளுக்கே புரியல. இப்போ எல்லாம் பளிச்சினு கீது. பாக்கறதுக்குத் தான் அவன் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. எய்திக் குடுத்தது நான்னு அவனுக்குத் தெரியுமா?

— தெரியாதுன்னு தான் நெனைக்கறேன். யாருண்ணே அதுன்னு நானே மூணு தபா கேட்டேன். "எவனோ எழுதிக் குடுத்துட்டான், வுடு"ன்னாரு.

— எவனோன்னு தான சொன்னான்?

— எவனோன்னு தான் சொன்னாரு.

— ஸ்டேஷன்ல பேர சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லியிருந்தா அவன் எவனோன்னு ஏன் சொல்லப் போறான். தெரியாமத் தான் போயிகீறான். அது போதும்டா எனக்கு. அண்ணன் கோவக்காரன், பேசாதவன்னு நெனச்சிகினு போயிருக்கட்டும். அண்ணன் என்ன திருடன்னு எய்தினான்னு நெனச்சிகினு போவலன்னா போதும். ரேணுகா கிட்ட—

— நான் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணிக்கு நீயே சொல்லணும். இன்னிக்கு இல்லன்னா ஒரு நாளு. இப்போ அந்த பின்னப் போடு. என்னால அத தொட முடியல.

— மாமா, அக்கா அயுதுகினே இருக்காங்க. உங்ககிட்ட பேசறதே இல்லயாமே. ஒரு மாசமாச்சாம். ஏன்க்கான்னு கேட்டா, "போயி அந்தாளையே கேளு"ன்றாங்க. இன்னா நடந்துச்சி?

— துக்கம் மா. வேற ஒண்ணுமில்ல.

— துக்கத்துல பேசாம இருக்கறதுக்கும் கோவத்துல பேசாம இருக்கறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும் மாமா. சரி, அப்புறம் கேக்கறேன். பின்னு மாட்டியாச்சா?

— மாட்டியாச்சி அண்ணி.

— அப்போ இந்தாங்க. டூல் பெட்டியில இருந்துச்சி. கவரு மேல பாருங்க, "அண்ணனுக்கு. மெஷினை வண்டியில் மாட்டிய பிறகு பிரிக்கவும்." ஒட்டியே இருக்கு. நான் பிரிக்கல.

— வை. கண்ணாடி வந்தப்புறம் நான் படிச்சிக்கறேன்.

— முப்பத்தி மூணு நாளா கையில வச்சிருக்கேன் மாமா. நைட்டு தலகாணிக்குக் கீழ. உங்களுக்கு எழுதினது, நான் பிரிக்கக் கூடாதுன்னு. இன்னும் பத்து நாளு முடியாது என்னால. நானே படிக்கறேன், நீங்க கேளுங்க. நம்பர் போட்டுத் தான் எழுதியிருப்பாரு. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டருக்கே நம்பர் போட்ட ஆளு. ஒண்ணு, பொன்னேரிக்கரையில பஸ் நிக்காது. ரெண்டு, அம்மாவுக்கு வெத்தல புடிக்கும். மூணாவதுல தான் என்னப் புடிச்சிருக்குன்னு வரும்.

— பத்தாங்கிளாஸ்ல தமிழு வாத்தியாரு பழக்கி வுட்டது. சரி. படி.

— "அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி குமார் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் தங்கள் நலமும் அண்ணி நலமும் அறிய ஆவல். மெஷினை மாட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு கீழ்க்காணும் விவரங்களை எழுதுகிறேன். ஒன்று. டிராக்டர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று சுற்றும். மெஷினுக்கு அது போதாது. ஆகையால் வண்டிப் பக்கம் பெரிய புல்லியும் மெஷின் பக்கம் சின்ன புல்லியும் போட்டிருக்கிறேன். அதற்கு மேல் வேகம் வைத்தால் இன்னும் நன்றாக அரைக்கும் என்று நினைப்பீர்கள். அரைக்காது."

— நெனப்பேன். கரெக்டா சொல்றான்.

— "இரண்டு. ஷாஃப்டை மெஷினோடு சேர்ப்பது ஒரே ஒரு சாதா போல்ட். அது முறிவதற்காகவே போட்டது. மட்டை சிக்கினால் போல்ட் முறியும், மெஷின் பிழைக்கும், பக்கத்தில் இருக்கிறவர் பிழைப்பார். இரண்டு முறை முறிந்ததும் நீங்கள் கோபப்பட்டுக் கெட்டி போல்ட் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து போடாதீர்கள். பெட்டியில் இருபது சாதா போல்ட் வைத்திருக்கிறேன். தீர்ந்தால் செல்வராஜிடம் கேட்கவும்."

— அயுவாத அண்ணி. நானும் அயுதுருவேன். மேல படி.

— "மூன்று. சுற்றுகிற ஷாஃப்ட் பக்கத்தில் வேட்டி, துண்டு எதுவும் கூடாது. பிடித்தால் ஆளையே இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஒரு காக்கி கால்சட்டை தைத்து வைத்திருக்கிறேன். அளவு பழைய ஞாபகத்தில் கொடுத்தது. தொப்பை விழுந்திருந்தால் பித்தானை நகர்த்திக்கொள்ளவும்." கொண்டாந்திருக்கேன் மாமா. பையில இருக்கு.

— தொப்பை எங்க கீது எனக்கு. அண்ணனுக்கு அளவு எடுக்கத் தெரியாதா அவனுக்கு. ரெண்டு வருசத்துல நான் எளச்சிட்டேன்னு அவனுக்கு எப்டித் தெரியும். படி, படி.

— "நான்கு. காலை எட்டு மணிக்குள் ஓட்டி முடிக்கவும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும், தூள் எல்லாம் வீட்டுக்குள் போகும். ஓடும்போது அண்ணி பக்கத்தில் நிற்கக் கூடாது. ஐந்து. பச்சை மட்டை வேண்டாம். அடிமட்டையை வெட்டிவிட்டுப் போடவும். ஆறு. ஒரே ஒரு காய்ந்த மட்டையை முதலில் விட்டுப் பாருங்கள். சத்தம் சீராக வந்தால் மேற்கொண்டு படியுங்கள். வராவிட்டால் செல்வராஜைக் கூப்பிடுங்கள். நான் வந்தால் நீங்கள் பேச மாட்டீர்கள்."

— வுடு அண்ணாத்த. வேட்டிய அவுத்துட்டு அந்தக் கால்சட்டைய மாட்டு. நான் ஸ்டார்ட் பண்றேன். வெக்கப்படாத, அண்ணி அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க.

— இடுப்புல நிக்குமான்னு பாக்கறேன். கயிறு குடு ஒண்ணு.

— ரெடியா? மெதுவாத் தான் கிளட்ச்ச வுடறேன். இப்போ மட்டையக் குடு. நுனி பக்கம் மொதல்ல. கைய உள்ள வுடாத. ஆங். அது இயுத்துக்கும். பாரு, பாரு. நொறுக்கித் தள்ளுது.

— மாமா, கேக்குதா? இந்தச் சத்தம் தான். கடைசி வாரம் முச்சூடும் பட்டறையில இது தான். கைல சுத்திச் சுத்தி, காது வச்சிக் கேட்டுகினே இருப்பாரு.

— நிறுத்துடா. நிறுத்து செல்வராசு. நல்லாக் கீது. போதும்.

— அண்ணாத்த, அங்க பாரு. செங்கம்மா அண்ணி கதவாண்ட வந்து நிக்கறாங்க.

— பாக்கறேன். தூரம் நல்லாத் தெரிது எனக்கு. படி ரேணுகா.

— "ஏழு. தூளை மரத்தடியில் வட்டமாகப் போடவும். கோடையில் தண்ணீர் நிற்கும். பிளாட்டுக்காரர்கள் செடிக்குக் கேட்டால் ஒரு மூட்டை கொடுங்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். விற்றது நான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்." எட்டும் ஒம்போதும் கிரீஸ் வைக்கறதப் பத்தி இருக்கு.

— கிரீஸ நான் பாத்துக்கறேன். அத தாண்டிப் போ அண்ணி.

— "பத்து. அளவுக்காக மேல் பின் ஒன்றைக் கேட்காமல் எடுத்து வந்தேன். கேட்டால் கொடுத்திருப்பீர்களா என்று தெரியவில்லை. கேட்காமல் எடுத்தது தப்புதான். எண்ணெய் தடவி மெஷினிலேயே கட்டியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளவும்."

— போதும் ரேணுகா.

— இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா. பதினொண்ணு.

— அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. இப்பவே சொல்லணும். நான் இன்னா சொல்றேன்—

— படிச்சி முடிச்சிடறேன் மாமா. அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் சொல்லுங்க. இது முடிஞ்சா அவரு எழுதினது வேற ஒண்ணும் இல்ல எனக்கு. "பதினொன்று. ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்த அன்று, நீங்கள் கொடுத்த மனுவை…" இங்க "நீங்கள் கொடுத்த மனுவை"ன்னு இருக்கு. மாமா?

— படி அண்ணி. நிறுத்தாத. முச்சூடும் படிச்சிடு.

— "…நீங்கள் கொடுத்த மனுவை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். அதில் டிராக்டர் நம்பரின் கடைசி எண்ணை ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஏழு. நாளைக்கு வண்டி உண்மையாகவே களவு போனால் அந்த மனு நிற்காது. ஆகையால் ஒரு நடை போய்த் திருத்திக் கொடுங்கள், வரும் வழியில் அந்தக் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள், அண்ணா."